யசிந்தாவின் அரவு

பிழை சின்னன்தான்.
யசிந்தா என்று இருக்கவேண்டிய இடத்தில்
யசிந்த.
ஓர் அரவு விடுபட்டதற்கு
மூன்று மாத மண்ணெண்ணெய் மானியம் நின்றுபோயிற்று.

குருநகர்ச் சங்கத்து மேல்மாடி.
கீழே ஐஸ் உடைக்கும் சத்தம்.
நானூற்றுப் பன்னிரண்டு படகும்
பழைய கொம்பியூட்டரில் ஒரே கோப்பு,
வரிக்கு ஒரு படகு.

ஓர் எழுத்துக்குப் பதில் இன்னோர் எழுத்தென்றால்
அதே இடத்தில் இருத்திவிடலாம்.
அரவு புதிதாய் வந்து ஏறுவது.
அதற்குப் பின்னால் நிற்கிற அத்தனை பேரும்
மூன்று பைற் நகர்ந்து இடம் விடவேண்டும்.
முழுவதையும் திருப்பி எழுது என்று
நிரலுக்குச் சொன்னேன்.

எழுதத் திறந்தால்
முதலில் துடைக்கும், பிறகுதான் எழுதும்.
அந்த இரண்டுக்கும் நடுவில்
கரண்ட் போயிற்று.

வந்தபோது
கோப்பு இருந்தது, அதன் பெயரும் இருந்தது.
அளவு: பூச்சியம்.
காற்றே இல்லாத ஒரு பின்னேரம்
நானூற்றுப் பன்னிரண்டு படகும் தாண்டு போயின.

செயலாளர் சூசைமுத்து ஏசவில்லை.
பற்றுச்சீட்டுக் கட்டுகளை மேசையில் போட்டுவிட்டு
இரண்டு பிளேன்ரீ சொன்னார்.
மூன்று இரவு.
மீன் செதில் ஒட்டிய தாள்கள்.

இப்போது பழையதைத் தொடுவதில்லை.
அதே கோப்புறையில், பக்கத்தில்,
வேறு பெயரில் எழுதுகிறேன்.
(வேறொரு தட்டில் எழுதினால்
பெயர் மாற்றம் நகலெடுப்பாகிவிடும்,
பிறகு அதே கதைதான்.)
எழுதியாச்சு என்று சொல்லும். நம்புவதில்லை.
தட்டில் உண்மையாய் இறங்கும்வரை காத்திருக்கிறேன்.
வரிகளை எண்ணுகிறேன்.
யார் வாசிக்கலாம், யார் கைவைக்கலாம் என்பதையும்
பழையதைப் போலவே வைக்கிறேன்.
கடைசியாகப் பெயரை மாற்றுகிறேன்,
ஒரே அசைவு.
அதற்கு முன் பழையது முழுதாய்,
பின் புதியது முழுதாய்.
பாதியை ஒருவரும் காணமாட்டார்.

வியாழக்கிழமை மறுபடி போயிற்று,
எழுதிக்கொண்டிருக்கும்போதே.
வந்ததும் பார்த்தேன்.
பட்டியல் அப்படியே இருக்கிறது,
பக்கத்தில்
இருநூற்றேழாம் படகோடு அறுந்த ஒரு துண்டு.
அதை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினேன்.

யசிந்தா வந்தா.
திரையில் படாமல் விரலைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு
தன் பெயரை வாசித்தா.
"ஓம், இப்ப சரி."
விரல் வலப்பக்கம் நகர்ந்தது.
"ஆனா வள்ள நம்பரிலை ஒரு பூச்சியம் குறையுதே?"

பூச்சியமா என்று கேட்டுக்கொண்டே
பழையதற்குப் பக்கத்தில்
புதிதாய் ஒன்றைத் திறந்தேன்.