தண்ணி நிலவரம்

கடன் கட்டி முடித்து ஏழு மாதம்.
குழுத்தலைவி வீட்டு விறாந்தையில்
கடைசித் தவணையை எண்ணி வைத்த அன்றே
அட்டையைக் கிழித்து அடுப்புக்குள் போட்டேன்.
செவ்வாய்க்கிழமை அதன்பிறகுதான்
வெறும் செவ்வாய்க்கிழமை ஆனது.

போனுக்கு அது தெரியாது.
எப்போதோ ஒருநாள் வட்டி என்று தேடியிருக்கிறேன்,
அதுவும் மிச்சம் எவ்வளவென்று பார்க்க.
அன்றிலிருந்து பின்னாலேயே வந்தது:
ஐந்தே நிமிடத்தில் பணம்.
அடையாள அட்டை மட்டும் போதும்.
முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு முயல் பாட்டுத் தேடினால்
முயலுக்கு முன்னால்.
மரண அறிவித்தலில்
செத்தவரின் படத்துக்கும் பிறந்த ஊருக்கும் நடுவில்.
பல் தெரியச் சிரிக்கும் ஒரு பெண்,
விசிறியாய் விரித்த ஐயாயிரம் ரூபாத் தாள்கள்.

மோட்டார் சைக்கிளில் வந்தவனுக்காவது
படலை என்று ஒன்று இருந்தது.
நாய் குரைக்கும்.
பின்பக்கத்தால் இறங்கி
கோழிக்கூட்டுக்குப் பின்னால் குந்தியிருக்கலாம்.
இவள் உள்ளங்கைக்குள் வருகிறாள்.

சந்திவெளியில் போன் திருத்தும் நிதுர்சன்
இரண்டு நிமிடத்தில் ஏதோ போட்டுத் தந்தான்.
"இனி ஒண்டும் வராது மிஸ்.
காசு வேணாம், இதுவும் சும்மா கிடைக்கிறதுதான்."
வரவில்லை.
அவள் நின்ற இடமெல்லாம் வெள்ளையாய்க் கிடந்தது,
ஹர்த்தால் நாள் கடைத்தெரு மாதிரி.
வெள்ளி முடிகிற டேட்டா
ஞாயிறு பின்னேரம் வரை ஓடியது.

கார்த்திகைக் கடைசி. மழை விட்டபாடில்லை.
கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் போகும் றோட்டுக்கு மேலால் ஆறு.
என் இருபத்திமூன்று பிள்ளைகளும் அந்தப் பக்கம்.

விடிய ஐந்து மணிக்கு எழும்பி
சித்தாண்டிக் கஜரூபன் எழுதுவதைத்தான் பார்ப்பேன்.
மதகுக் கட்டில் பெயின்ரால் கோடு கீறி வைத்திருக்கிறான்.
ரோச் அடித்துப் பார்த்துவிட்டுப் போடுவான்:
முழங்கால். உழவு மெசின் போகும்.
இடுப்பு. தோணி மட்டும்.
ஒருத்தரும் இறங்காதீங்க.

அன்று அதற்குக் கீழே, சின்ன எழுத்தில்:
"விளம்பரத்த மறைச்சிருக்கீங்க. பிழை சொல்லல்ல,
நானும் மற்ற இடங்கள்ல மறைக்கிறன்.
இந்தப் பக்கத்துக்கு மாத வாடகை நாலாயிரத்து இருநூறு.
போன மாதம் விளம்பரத்தால வந்தது அறுநூற்றிப்பத்து.
தை மட்டும் எழுதுவன்."

வாழைச்சேனை தொட்டுச் செங்கலடி வரை
எத்தனை போனில் கை வைத்திருப்பான் நிதுர்சன்?

ஐந்நூறு ரூபா ரீலோட் அனுப்பினேன் கஜரூபனுக்கு.
பத்து நிமிடத்தில் திரும்பி வந்தது.
"உங்கட சம்பளம் எனக்குத் தெரியும் மிஸ்."

பிறகு
அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் திறந்துவிட்டேன்.

அடுத்த நாள் ஐந்து மணி, கரண்ட் இல்லை.
இருட்டில் முதலில் வந்தது அவள்தான்.
அதே பல். அதே விசிறி.
ஏழு மாதமாய் வாசலில் நின்று நனைந்தவள் போல
உரிமையோடு.
அவள் காலடியில் கஜரூபன்:
"இடுப்புக்குக் கொஞ்சம் மேல. தோணி ஆறரைக்கு.
லைப் ஜாக்கெட் கேட்டு வாங்குங்க."

யாரோ ஒருத்தி அவளைத் தொடுகிறாள்.
தொடாவிட்டால் இவளுக்கு ஏது கூலி,
கஜரூபனுக்கு ஏது அறுநூற்றிப்பத்து?
தண்ணி பார்க்க வந்த யாரோ,
அரிசிக்கோ அப்பியாசக் கொப்பிக்கோ விரல் வைக்கிறாள்.
அவள் கட்டப்போகும் வட்டியில்
என் இடுப்புக்குத் தண்ணி அளக்கிறார்கள்.

இதை நினைத்து நான் எதையும் மூடவில்லை.
சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு
தோணியில் ஏறினேன்.

பக்கத்தில் குந்தியிருந்தவள்
மடியில் பிள்ளையும் கையில் போனுமாய்க் கேட்டாள்:
"பின்னேரம் திரும்ப ஏலுமாமா? எங்க போட்டிருக்கு?"
வெளிச்சத்தில் அந்தச் சிரிப்பு.
அதற்கு மேலே அவளின் ஈரப் பெருவிரல்.

கீழ தள்ளுங்க, என்றேன்.
அவளத் தொட்டுடாம.
இன்னும் கீழ.
அங்கதான் தண்ணி.