நாற்பத்தொரு நொடிகள்

வில்னியுஸில் இன்று மைனஸ் பதினேழு.
நெரிஸ் ஆறு கரையோரம் உறைந்து
நடுவில் மட்டும் கறுப்பாய் ஓடுகிறது.
கீழ்த்தள அறையில் விளக்கு இல்லை.
கணினித் திரைக்கும் பாதித் துணி போர்த்திவிட்டு
உட்கார்ந்திருக்கிறாள் ஸ்கிர்மாந்தே.

குவார்ட்ஸ் சில்லின் மேல்
ஒற்றைக் காலில் கட்டிப்போட்ட டிஎன்ஏ.
கட்டியது முட்டை வெள்ளையின் புரதம்.
ஓடிவிடவும் கூடாது, படுத்துவிடவும் கூடாது.
நான்கு இழைகள் கூடும் நாற்சந்தி அது,
காவலர் இல்லாத நாற்சந்தி:
கைகள் இரண்டிரண்டாய்ச் சேர்ந்து
ஒருமுறை இப்படிப் படியும்,
பிடி விட்டு மறுமுறை அப்படி.

ஒரு கை நுனியில் பச்சைச் சாயம்,
இன்னொன்றில் சிவப்பு.
லேசர் எழுப்புவது பச்சையை மட்டும்.
சிவப்பு கிட்டே வந்தால்
பச்சை தான் வாங்கியதைச் சத்தமில்லாமல் கைமாற்றிவிடும்.
தள்ளிப் போனால் தானே எரியும்.
இடையில் ஐந்தாறு நானோமீட்டர்.
கோல் வைத்து அளக்க வேண்டாம்,
யார் எரிகிறார் என்று பார்த்தால் போதும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
சோற்றுக்குச் சரி.
இங்கே ஒவ்வொரு பருக்கைக்கும் தனிக் கொதி.
கோடிக்கணக்கில் கலந்து ஊற்றி அளந்தால்
பூஜ்யம் புள்ளி ஐந்து என்று விடை வரும்:
கிட்டவும் இல்லை, எட்டவும் இல்லை,
எந்த மூலக்கூறும் தங்கியிராத இடம்.

"ஆஸ்பத்திரியின் சராசரிக் காய்ச்சல்" என்பார்
லேசர் பார்த்துக்கொள்ளும் வைடோதாஸ்.
"பிணவறையையும் சேர்த்தால்
முப்பத்தாறு புள்ளி ஆறு. எல்லோரும் நலம்."
சோவியத் காலத்து ஜோக். சொல்லும்போது சிரிக்கமாட்டார்.
கழித்துக்கட்டிய பதிவுகளைப் போடும் கோப்புறைக்கு
அவள் வைத்த பெயரும் அதுதான்: பிணவறை.

இரவு பதினொன்று இருபது.
மேலே தெருமுனையில் டிராலிபஸ் திரும்ப
புள்ளிகள் அத்தனையும் ஒருசேரச் சிலிர்த்தன.
அந்த மூன்று நொடியை வெட்டி எறிந்தாள், வழக்கம்போல.

பிறகு, இருநூற்றுப் பதினான்காவது புள்ளி.
சுற்றிலும் பச்சை, சிவப்பு, பச்சை என்று துள்ள
இது சிவப்பிலேயே நின்றது.
பத்து நொடி. இருபது.
மக்னீசியம் கூடிவிட்டதோ?
இல்லை, அக்கம்பக்கம் சரியாகத்தான் இருக்கிறது.
முப்பது.
கையுறையைப் பாதி கழற்றியவள்
அப்படியே இருந்தாள்.
நாற்பத்தொன்றில்
ஒரே ஒரு தடவை
பச்சைக்குப் போனது.
உடனே பச்சையும் அணைந்தது,
மங்கி மங்கி அல்ல, ஒரே படியில்.
கூட்டமாய் இருந்தவை அப்படிச் சாகாது.
தனியாகத்தான் இருந்திருக்கிறது.

விதி அவளே எழுதியது, ஆகஸ்டில்:
மூன்று மாற்றமாவது இல்லாதது கணக்கில் சேராது.
நல்ல விதி. கெட்டுப்போன சாயம், ஒட்டிய குப்பை,
ஒன்றன்மேல் ஒன்றாய் உட்கார்ந்த இரட்டைகள்
எல்லாம் அதில்தான் வடிந்தன.
வரைபடம் அழகாக வந்தது.
மார்ச்சில் கட்டுரை போகவேண்டும்.

சுட்டி, அழி என்ற சொல்லின் மேல்.

அவள் அழிக்கவில்லை, சேர்க்கவும் இல்லை.
பிணவறையைத் திறந்தாள்.
ஆயிரத்து நூற்று நாற்பது பதிவுகள்.
பெரும்பாலும் நிஜமாகவே பிணங்கள்.
ஒவ்வொன்றாய்ப் புரட்டினாள்.
அறுபத்துமூன்று மட்டும் ஒரே நிலையில் நெடுநேரம் நின்று
சாயம் தீரும்முன் ஒருமுறையோ இருமுறையோ திரும்பியிருந்தன.
திரும்பாதவை என்று இவள் நினைத்தவை.
காத்திருக்காதது யார் என்று
காகிதத்தில் எழுதப் போய், எழுதாமல்,
வைடோதாஸுக்குச் செய்தி அனுப்பினாள்:
"லேசரை நாளை யாருக்கும் தராதே.
உன் ஆஸ்பத்திரியில் அறுபத்துமூன்று பேருக்கு மூச்சு இருக்கிறது."
பதில் உடனே வந்தது: "தூங்கு."

புதுச் சில்லை வைத்தாள்.
லேசரைப் பாதியாய்க் குறைத்தாள், சாயம் கூடுதல் நேரம் தாங்கட்டும் என்று.
கேமராவுக்கு ஐந்து நிமிடம் கொடுத்தாள், ஒன்றுக்குப் பதில்.
மேலே கடைசி டிராலிபஸ் போய்விட்டது.
இனி விடியும்வரை
எதையும் வெட்டவேண்டியதில்லை.