பசுமலையில் ஒரு பேக்கார்டு

இன்சூரன்ஸ் ஆபீஸிலிருந்து என்றதும்
சிக்கந்தர் கையைத் துடைத்துக்கொண்டு
தார்ப்பாயை உருவினார்.
கத்திரிப்பூ நிறம். நீளம்,
என் வீட்டுக் கூடத்தைவிட நாலடி கூட.

படிவத்தில் தயாரிப்பு ஆண்டுக்கு
இரண்டே கட்டம்.
38 என்று போட்டால்
இன்னும் பிறக்காத வண்டி என்று
கணினி திருப்பி அனுப்பும்.

ஸ்டியரிங் இடப்பக்கம்.
'கப்பலூர் டோல்கேட்டுல காசு நீட்டவே
தனியா ஓராள் வேணும்க்கா'
என்றான், ஸ்பானரோடு வந்த பையன்.

மூக்கில் இருந்த பறவை எப்போதோ களவுபோனது.
அன்னம் என்கிறார் வண்டிக்காரர் கோவர்த்தனன்.
கூழைக்கடா என்கிறது
அமெரிக்காவிலிருந்து வந்த கடிதம்.
சிக்கந்தர் மூன்று ஞாயிறு
வண்டியூர்க் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து
நீர்க்காகத்தைப் பார்த்து வார்த்துவிட்டார்;
இறக்கையை விரித்து
வெயிலில் காயவைக்கிறது அது.
'பாகங்கள் அசலா?' என்ற கட்டத்தில்
என் பேனா நின்றுபோனது.

ஓடுமா என்றேன்.
பதில் சொல்லாமல் சாவியைத் திருகி
எஞ்சின் மேல் ஒற்றை ரூபாயை
விளிம்பில் நிறுத்தினார்.
நின்றது.
பன்னிரண்டு சிலிண்டரும் உள்ளே எரிய
நின்றது.
என்னால் சாயக் கூடாதென்று
மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

விழுந்தது.
கொட்டகைக்குப் பின்னால்
நாகர்கோவில் சரக்கு ரயில்
தடதடத்துப் போய்க்கொண்டிருந்தது,
பெட்டி பெட்டியாக, முடியாமல்.

'அந்த ரயிலையும் எழுதிக்குங்க மேடம்.'
வண்டிக்கடியில் காசைத் தேடிக்
குனிந்திருந்தார் சிக்கந்தர்.

பர்ஸைத் திறந்து
இன்னொரு ரூபாய் எடுத்துக் கொடுத்தேன்.