வரிசை: இல்லை

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஆள் வருகிறார் என்று
வியாழக்கிழமை மூன்று மணிக்குச் சொன்னார்கள்.
நான்கு மணிக்கு
கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வந்துவிட்டது.
ஏழு மாதமாக நான் கேட்டது.

எண் கொடுக்கும் இயந்திரத்துக்குக் காகிதச் சுருள் வந்தது.
மூன்றாம் மின்விசிறியைப் போட்டுப் பார்த்தார்கள்,
தலைமேல் தூசி கொட்டியது,
நிறுத்திவிட்டார்கள்.

மறுநாள் ஐந்தரைக்கு, வெளிச்சம் வரும் முன்,
படையாச்சி என்னை வாசலுக்கு அழைத்துப்போய்ச் சொன்னார்:
"இந்தக் குப்பையெல்லாம் எடுத்துவிடு."

குப்பை என்றது கற்களை.

வெருலத்தில் உதவித்தொகைக்கு ஆட்கள் நிற்பதில்லை.
இரண்டு மணிக்கே வந்து
ஒரு கல்லை வைத்துவிட்டு
வேலியோரம் போர்வைக்குள் சாய்ந்துவிடுவார்கள்.
முட்டி தேய்ந்தவர் ஆறு மணி நேரம் எப்படி நிற்பார்?
கல் நிற்கும்.
கல்லுக்குச் சர்க்கரை இல்லை.

பாதிச் செங்கல் நொம்வூலாவுடையது.
டாக்டர் கையெழுத்து கட்டத்துக்கு வெளியே போனதாம்,
நான்காம் முறை வருகிறாள்.
வெள்ளைக் கூழாங்கல் சலாச்சி,
டயாலிசிஸ் இல்லாத நாள் பார்த்து வருபவள்.
ஒற்றைச் செருப்பு தொகொசானி.
மற்றது அவருக்கு இனித் தேவையில்லை என்று
அவரே சொல்லிச் சிரிப்பார்.
மஞ்சள் ஓடிய ஆற்றுக்கல் கிஸ்டன்சாமியுடையது.
கோப்பு டர்பனில் என்கிறார்கள் இங்கே.
இங்கே என்கிறார்கள் டர்பனில்.

காவலாள் சிபோனிசோ வேலிப்பக்கம் போய்
இரண்டு மொழியில் சொன்னான்:
கம்ப்யூட்டர் படுத்துவிட்டது, திங்கட்கிழமை வாருங்கள்.
கம்ப்யூட்டர் உள்ளே நன்றாகத்தான் இருந்தது,
அன்றைக்கு மட்டும்.

சிலர் பஸ் ஏறினார்கள்.
நம்பாதவர்கள் எதிரே பெட்ரோல் நிலையத்துச் சுவரில் உட்கார்ந்தார்கள்.
நான் வாளி நிறையக் கற்களோடு உள்ளே போனேன்.
கனமென்றால் கனம்.

பத்தே முக்காலுக்கு வந்தார்.
சின்ன மனிதர், சளி பிடித்திருந்தது.
குழாயைத் திறந்தார், மூடினார்.
தீயணைப்பான்களை எண்ணினார்.
காலி நாற்காலிகளைப் பார்த்து
"காத்திருப்பவர்கள்?" என்றார்.
"நீங்களே பார்க்கிறீர்களே, சார்."

வாளியருகே நின்றார்.
"இது என்ன?"
"பிள்ளைகள் விளையாடுவது" என்றார் படையாச்சி.
அவர் என்னைப் பார்த்தார்.
என் ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது.
நான் தரையைப் பார்த்தேன்,
தரை சுத்தமாக இருந்தது.

மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுதினார்.
தலைகீழாக இருந்தும் படிக்க முடிந்தது:
வரிசை: இல்லை.

கார் போனதும் வாளியைத் தூக்கி வந்து
கற்களைத் திரும்ப அடுக்கினேன்.
பத்தொன்பது வரை ஞாபகம் இருந்தது.
இருபதாவதில் சண்டை.
சலாச்சி வந்து என் கன்னத்தில் அறைந்தாள்,
பிறகு அவளே என் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.
சாயங்காலம் வரை ஒன்பது பேரைப் பார்த்தார்கள்.

கிஸ்டன்சாமி அந்த முதல் பஸ்ஸிலேயே போயிருந்தார்.

திங்கட்கிழமை அவர் கல்லை
நானே முன்னால் வைத்தேன்.
கல்லின்மேல் யாரும் குறை சொல்லவில்லை.
எட்டு மணிக்குக் கல்லால் பொத்தானை அழுத்த முடியாது,
நான் அழுத்தினேன்.
எண் ஒன்று.
பெயர் வேண்டும் என்றாள் மேசைப் பெண், சொன்னேன்.
வந்துவிடுவார், டொங்காட் பஸ் தாமதம் என்றேன்.

மூன்று முறை கூப்பிட்டார்கள்.

மூன்று முறை கூப்பிட்டும் வராதவரின் மனு
தானாக மூடிக்கொள்ளும் என்று
எனக்கு யாரும் சொல்லவில்லை.
திரையில் ஒரு சின்னப் பச்சை அடையாளம் வந்தது.
அந்தக் கம்ப்யூட்டர்
அவ்வளவு வேகமாக வேலை செய்து
நான் பார்த்ததே இல்லை.