தலைக்கு நூறு

பாளையங்கோட்டை சமாதானபுரத்தில்
செருப்புக் கடைக்கு மேலே என் கடை.
பழைய படங்களைப் புதுசாக்குகிறேன்.
தலைக்கு நூறு ரூபாய்.

மாத்தளை யோகலிங்கம்
கண்ணாடித் தட்டு ஒன்றைச் சாரத்தில் சுற்றிக் கொண்டுவந்தார்.
மூலையில் வெள்ளை மையில் ‘தட்டப்பாறை முகாம்’.
ஆண்டு எழுதிய இடம் உரிந்துவிட்டது.
வெளிச்சத்தில் பிடித்தால்
கரிசல்காட்டு முகங்கள் துரைமார்போல் வெளுத்திருந்தன.

நிறத்தைத் திருப்பிப் போட்டதும் ஊருக்கு வந்தார்கள்.
முன்வரிசை குத்தவைத்து, பின்வரிசை நின்று,
நடுவில் சிலேட்டு: 214.
எடுத்தவனுக்கு அந்த எண்தான் தெளிய வேண்டியிருந்தது.
சட்டத்தின் ஆணித் துளைகூடத் தெரிகிறது;
பிடித்திருப்பவளின் கண் கலங்கல்.
‘அழுதிருக்காங்க’ என்றார் யோகலிங்கம்.
லென்ஸ் அப்படி என்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.

வெயில் ஏறுமுன் எடுத்த படம், நிழல்கள் நீளம்.
கங்காணி கொடுத்த கம்பளியை
இங்கேயே போர்த்தி
மலைக்குளிருக்கு ஒத்திகை பார்க்கிறார்கள்.
மூன்று எண்ணும்வரை அசையாதே என்றிருப்பார்கள்.
அசையவில்லை.
ஒரு பிள்ளை மட்டும்
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே தலையைத் திருப்பிவிட்டது.
கழுத்துக்கு மேல் ஆவி.
ஆட்டுக்குட்டியோ, கஞ்சி அண்டாவோ,
மற்ற பத்துப் பேரும் பார்க்கக் கூடாத எதையோ
அது பார்த்துவிட்டது.

பின்னால் கட்டிய துணி போதவில்லை.
வலப்பக்கம் உடைமரம் முள்ளோடு நுழைகிறது.
காற்று வேறு.
ஊதிய துணியின் மேல்விளிம்பை
பின்னாலிருந்து இரண்டு விரல்கள் இழுத்துப் பிடித்திருக்கின்றன.
ஒன்றில் நகம் இல்லை.

‘மரத்தை எடுத்திருங்க. அந்த விரலையும்.’

எடுத்தேன். மரம் போன சுவடு இல்லை.
விரல் போனதும்
துணி தானாக நின்றது,
அத்தனை காற்றில், ஒருவரும் பிடிக்காமல்.
மத்தியானத்தில் தனியாகப் பார்க்கப் பயமாக இருந்தது.
கீழே யாரோ நாலாம் நம்பர் செருப்பு கேட்கிறார்கள்.
விரலை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

சாயங்காலம் வந்தவர்
திரையில் முகம் முகமாகத் தொட்டு எண்ணினார்.
கங்காணியும் இப்படித்தான் எண்ணியிருப்பான்,
அவனுக்கும் தலைக்கு இவ்வளவு என்று கூலி.
நினைத்த பிறகுதான்
என் பில் புத்தகம் கண்ணில் பட்டது.

பதினொன்று. ஆயிரத்து நூறு.
ஆவிக்குக் காசு வேண்டாம்,
அதில் நான் ஒன்றும் செய்யவில்லை என்றேன்.
‘அதுதான் எங்க அப்பா’ என்று
ஒரு நூறு ரூபாயைத் தனியே வைத்தார்.

விரலைப் பற்றி அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.