பென்சிலால் எழுதியது

கடைசி இன்னிங்ஸ். ஒரு ரன் குறைவு.
மூன்றாம் பேஸிலிருந்து கோகிலவாணன் பாய்ந்தான்.
பந்து வந்தது, அவனும் வந்தான்,
இரண்டுக்கும் முன்னால் தூசி வந்துவிட்டது.
சேர்வராயன் மலையே ஒரு நொடி காணாமல் போனது.
உள்ளேயிருந்து
ஒரு முஷ்டி மட்டும் எழுந்தது.

கிரிக்கெட் அம்பயர் என்றால் ஒரு விரல் போதும்.
இங்கே முழுக் கை, யாரையோ குத்துவதுபோல்.
அவுட்.

நான் ஸ்கோரர்.
அவுட் என்று எழுதும்போதே பென்சில் முனை உடைந்தது.
சகுனம் என்றான் மாதேஸ்வரன்.
மட்டமான பென்சில் என்றேன்.

பார்க்க வந்தவர்கள் பதினோரு பேர்.
அதில் நான்கு பேர்
கபடிக்கு வந்து மைதானம் மாறியவர்கள்.
ஒருவர் கடைசிவரை கேட்டுக்கொண்டேயிருந்தார்:
"ஓவர் எப்பம்மா முடியும்?"

இரண்டாம் பரிசுக் கோப்பை தந்தார்கள்.
வாங்கிக்கொடுத்த கவுன்சிலரின் பெயர்மேல்
செய்தித்தாளை வெட்டி ஒட்டியிருந்தது.
தேர்தல் நேரம், நடத்தை விதி.
ஒட்டிய துண்டில்
அவர் கட்சி மாறிய செய்தி இருந்தது.

ஐந்து ரோட்டில் பறக்கும் படை நிறுத்தியது.
பையைக் கொட்டி, கேட்சரின் முகக்கூண்டைத் தூக்கி
"இது எதுக்கு?" என்றார்கள்.
இர்ஃபான் ஆட்டத்தை முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தான்.
இரண்டாம் பேஸ் வருவதற்குள்
போங்க போங்க என்று அனுப்பிவிட்டார்கள்.
அடிப்பையில் ஐம்பதாயிரம் இருந்திருந்தாலும்
தப்பியிருக்கும்.

செவ்வாய்ப்பேட்டைத் தட்டுவடை வண்டி.
கேரட்டும் பீட்ரூட்டும் வாயிலிருந்து தெறிக்கப் பேசினார்கள்.
"அம்பயர் காசு வாங்கிட்டான்டா."
"நம்ம ஆட்டத்துக்கா? காசு கொடுக்கறவனுக்கு
முதல்ல ரூல்ஸ் தெரியணுமே."
"அவன் அந்தக் கட்சி ஆளு, மூஞ்சியே சொல்லுது."
"தொட்டா அவுட்டுங்கறே. அங்க நாலு கூட்டணியத்
தொட்டவன் இன்னும் ஓடிட்டுதானே இருக்கான்?"
"ரீப்ளே இருந்தா..."
"ரீப்ளேயும் அவங்க டிவியிலதான் ஓடும்."
கோகிலவாணன் மட்டும் பேசவில்லை.
முழங்கைச் சிராய்ப்பில் ஒட்டிய மண்ணைத்
தொட்டுத் தொட்டுப் பார்த்தான்,
அது சாட்சி சொல்லும் என்பதுபோல்.
வண்டிக்காரர் கேட்டார்:
"தம்பி, பந்து பெருசா, நீ பெருசா?"
யாருக்கும் புரியவில்லை. சிரித்தோம்.

அடுத்த வாரம்
அம்மாப்பேட்டை மாநகராட்சிப் பள்ளி.
என் முதல் ஓட்டு.
வரிசையில் சேலை உரசும் சத்தம், வியர்வை,
ஒரு கைக்குழந்தையின் ஓயாத புகார்.
உள்ளே, இரண்டாவது மேசையில்
மை பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார்
சவரிமுத்து சார்.
அன்றைய அம்பயர். அதே முஷ்டி,
இப்போது அதில் ஒரு சின்னக் குச்சி.

பயத்தில் நான் கையை மூடியிருந்தேன் போல.
"கையத் திறம்மா," என்றார்.
இடது ஆள்காட்டி விரலைப் பிடித்து
நகமும் தோலும் சேருமிடத்தில் கோடு இழுத்தார்.
அப்புறம் நிமிர்ந்து பார்த்தார்.
"ஸ்கோர் எழுதின பொண்ணுதானே?"
தலையாட்டினேன்.
"ஒரே தூசிம்மா அன்னிக்கு,"
என்றார் மையை மூடிக்கொண்டே.
ஏஜெண்ட் ஒருவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.
"அடுத்தவங்க வாங்க."

இரவு மறுபடி அதே வண்டி.
யாருக்குப் போட்டாய் என்று
யாரும் யாரையும் கேட்கவில்லை.
விரல்களை மட்டும் வரிசையாக நீட்டிப் படம் எடுத்தோம்.
அந்த அவுட்டுக்கு மட்டும்
தெருவே கேட்கக் கத்தினார்கள்.
மாதேஸ்வரன் சாலையில் படுத்தே காட்டினான்,
கை எங்கே, பேஸ் எங்கே, பந்து எங்கே என்று.
ஷேர் ஆட்டோ ஒன்று அவனைச் சுற்றிக்கொண்டு போனது.

நான் சொல்லவில்லை.
சொன்னால் ஜெயித்துவிடுவோமா,
இல்லை அவர் தோற்றுவிடுவாரா, தெரியவில்லை.
மடியில் ஸ்கோர் புத்தகத்தைத் திறந்தேன்.
மை போகாதாம், மாதக் கணக்கில்.
பென்சில் போகும், எச்சில் தொட்டாலே.
அவுட் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட
இடம் இருந்தது.
பென்சிலைச் சீவ ஆரம்பித்தேன்.

"உனக்கு இன்னொரு செட் சொல்லவா?"
என்றான் கோகிலவாணன்.
காரம் கம்மியா, என்றேன்.