மதிக்கத்தக்க

அப்ராக்ஸ் என்றுதான் சொல்வோம்.
அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு இன்னும் நீளமாய் வால் இருக்கிறதாம்.
எங்கள் ஸ்டேஷனில் யாரும் அதுவரை போனதில்லை.

அப்ராக்ஸா எப்பம்மா வருவே, ஃபோனில் மகன்.
ஒன்பது என்கிறேன்.
பதினொன்றரைக்கும் ஒன்பது என்றே பெயர் எங்கள் வீட்டில்.
காளவாசல் கொத்தனார் அப்ராக்ஸா நாலு லட்சம் என்றார்.
ஆறரை லட்சத்தில் நிற்கிறது படிக்கட்டு,
மாடி இன்னும் வரவில்லை.
ஜங்ஷன் வாசல் பூக்காரிக்கு மட்டும் இந்த வார்த்தை தேவைப்படாது.
அவள் கை குட்டை.
அதுதான் முழம்.

நான் இருப்புப்பாதைக் காவல் நிலைய ரைட்டர்.
கூடல் நகர் தாண்டி, சமயநல்லூருக்கு முன்னால்,
தண்டவாளத்தை ஒட்டி ஒருவர் கிடந்தார்.
நீலக் கட்டம் போட்ட சட்டை,
பையில் பீடி, பதினேழு ரூபாய்,
இடது முழங்காலில் பழைய தழும்பு.
வலது தோளில் காய்ப்பு, ஒரு சோப்புக்கட்டி அளவு.

உயரத்துக்கு டேப் இருக்கிறது: நூற்று அறுபத்தாறு.
வயதுக்கு?
இன்ஸ்பெக்டர் துரைசிங்கம் குனிந்து பார்த்தார்,
நரையை, பல்லை, கண்ணுக்குக் கீழே தோலை.
நாப்பத்தஞ்சு அப்ராக்ஸ் போடும்மா.

போட்டேன்.
சுமார் 45 வயது மதிக்கத்தக்க ஆண்.
இப்படி எத்தனை எழுதியிருப்பேன் இந்தப் பதினோரு வருஷத்தில்?
இருநூறு இருக்கும்,
அப்ராக்ஸா.

நாலாம் நாள் காலையில் வந்தாள் ராக்கு,
உசிலம்பட்டிப் பக்கம், முதல் பஸ்.
சட்டையைக் காட்டினோம்.
கட்டத்தை எண்ணுவதுபோல் விரலை ஓட்டினாள்.
காலர் பட்டன் வேறு நிறம், அது அவள் தைத்தது.

வயசு என்னம்மா?
முப்பத்தெட்டுங்க.
ஆவணி பொறந்தா முப்பத்தொம்பது.

ஏம்மா இத்தனை நாள் வரலை?
பேப்பர்ல படிச்சுச் சொன்னாகங்க.
நாப்பத்தஞ்சு வயசுன்னு போட்டிருக்குன்னாக.
அப்ப அது அவரு இல்லேன்னு
ரெண்டு நாளு நல்லாத் தூங்குனேன்.

பேனாவுக்கு மூடி போட்டேன். திறந்தேன்.

மத்தியானம் கீழமாரட் வீதி,
அவர் மூட்டை தூக்கிய வெங்காயக் கடை.
கணக்குப்பிள்ளை வாக்குமூலம் சொன்னார்:
பத்து வருஷமா இங்கதான்,
ஒரு நாளைக்கு நூத்தம்பது மூட்டை அப்ராக்ஸ்,
மூட்டை அம்பது கிலோ அப்ராக்ஸ்.
பின்னால் தராசில் ஒரு மூட்டை ஏறி நின்றது.
ஐம்பத்து நாலு.
நான் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தேன்.
அவரும் பார்த்தார்.
மூட்டைன்னா முன்னப்பின்ன இருக்கத்தான செய்யும் மேடம்,
டீ சொல்லவா?

வேண்டாம் என்றேன்.
கண் எரிந்தது.
வெங்காயக் கடையில் யாருக்கும் அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

திரும்பி வந்து ஃபைலை எடுத்தேன்.
45-ஐ அடித்து 38 என்று எழுதினேன்.
அந்த ஏழு வருஷத்தை எந்தக் கலத்தில் எழுதுவது என்று
படிவத்தில் இல்லை.
ஆதார் நகல் வந்துவிட்டது,
இனி மதிப்பிட ஒன்றுமில்லை,
ஆகவே சுமாரையும் அடித்தேன்.
அடுத்த வார்த்தைக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.
விதிப்படி அதையும் அடிக்க வேண்டும்.
வயது தெரியாதவருக்கு மட்டும் எழுதுகிற வார்த்தை அது.

இன்ஸ்பெக்டர் வாசித்தார்:
38 வயது மதிக்கத்தக்க ஆண்.
என்னம்மா இது, வயசுதான் தெரிஞ்சுபோச்சே,
தப்பா இருக்கே வாக்கியம்.

ஆமா சார் என்று சொல்லி
திருத்தத்துக்குப் பக்கத்தில் இனிஷியல் போட்டேன்.